வெறும் தண்ணீரில் துத்தநாகம்

ஏப்ரல் 1, 2025, செவ்வாய்

நேற்று ஹரி ராயா விடுமுறை. இன்று விடியுமுன் எழுந்து சேற்றில் இறங்க வேண்டியதாயிற்று. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், தண்ணீர் நன்றாக வற்றும். சிங்கப்பூரின் வடக்கே கிராஞ்சிப் பக்கத்துச் சதுப்புக்கு நானும், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பியும் போனோம். பத்தொன்பது வயது. வாய்க்கு வாய் 'அக்கா'.

இறங்கும் முன் அவன் பையிலிருந்து சன்ஸ்கிரீனை எடுத்தான். பிடுங்கி வைத்துக்கொண்டேன். "இதுல துத்தநாக ஆக்சைடு இருக்கு தம்பி. நாம தேடறதே தண்ணியில இருக்கற துத்தநாகத்தைத்தான்." மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் கழற்றினான்.

தண்ணீர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். 'அழுக்குக் கை' பெட்டியைத் திறக்கும், வெளிப் பையைப் பிரிக்கும், குறிப்பெழுதும். 'சுத்தக் கை' உள் பையையும் புட்டியையும் தவிர வேறு எதையும் தொடாது. சுத்தக் கை நான். அனுபவம் இருக்கிறதல்லவா.

ஜொகூர் நீரிணையை இரண்டாக வெட்டி 1924-இல் தரைப்பாலம் கட்டிய பிறகு தண்ணீர் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் தாராளமாகப் போக வழியில்லை. வருவதெல்லாம் கரையோரச் சேற்றில் தங்கிவிடும். அதனால்தான் உலோகங்களை அளக்க இங்கே வருகிறோம். நான்கு இடங்களில் தண்ணீர், இரண்டு இடங்களில் சேறு. முதலை எச்சரிக்கைப் பலகையைத் தம்பி படம் எடுத்தான். முதலை வரவில்லை, உடும்பு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஏப்ரல் 3, வியாழன்

சேற்றுக் குழாயை இன்று பிரித்தோம். மேலே அரை விரல் தடிமனுக்குப் பழுப்பு. அதற்குக் கீழே மை போலக் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டான். அந்த நாற்றம்தான் சேதியே. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கந்தகம் சல்ஃபைடாகி, செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்தச் சேற்றை அடுப்பில் உலர்த்திப் பொடியாக்கினால் மொத்த அளவு கெடாது. ஆனால் எது எதோடு ஒட்டியிருந்தது என்ற கதை போய்விடும். காற்றுப் பட்டதும் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமாகி, பூட்டியிருந்த உலோகம் அவிழ்ந்துவிடும். உலர்த்தினால் வேலை சுலபம் என்றார் பேராசிரியர். சுலபம்தான், ஆனால் வரும் விடை வேறொரு சேற்றுக்கு. கடைசியில் நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பைக்குள் ஈரமாகவே எடை போட்டோம். மூன்று மணி நேரம் கை உள்ளே, வியர்வை கண்ணில்.

படிப்படியாகக் கரைத்தெடுக்கும் முறை இது. முதலில் அசெட்டிக் அமிலம், 0.11 மோலார், சமையல் வினிகரின் காட்டத்தில் ஏழெட்டில் ஒரு பங்கு. ஒரு கிராம் சேற்றுக்கு 40 மில்லி லிட்டர், 16 மணி நேரம் குலுக்கல். லேசாக ஒட்டியிருப்பது இதில் வந்துவிடும். அடுத்த படியில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடில் ஒளிந்திருப்பது. அதற்கடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு, கரிமப் பொருளையும் சல்ஃபைடையும் எரித்து எடுக்க. மிச்சத்துக்கு இராஜ திராவகம், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்தது. குலுக்கியை ஓடவிட்டு வீடு திரும்பினேன்.

ஆழமாகப் போனால் ஈயத்தில் பழைய காலம் தெரியுமா என்று கேட்டான் தம்பி. சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998-இல் நின்றது. அமைதியான வண்டலாக இருந்தால் அந்த வருடத்துக்குக் கீழே ஈயம் கூடியிருக்கும். இங்கே சேற்றிறால்கள் கீழ்ச் சேற்றைத் தோண்டி மேலே கோபுரம் கட்டுகின்றன. வருடக் கணக்கெல்லாம் செல்லாது.

ஏப்ரல் 7, திங்கள்

இராஜ திராவகத்தில் கரைத்த சேறு இன்று கருவிக்குப் போனது. "அக்கா, ஆர்செனிக் எக்கச்சக்கமா இருக்கு!" என்று தம்பி ஓடி வந்தான். திராவகத்தில் பாதிக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அணுக்களை எடை பார்த்துப் பிரித்து எண்ணும் கருவி ஐசிபி-எம்எஸ். அதன் பிளாஸ்மாவோ, அதாவது கடுஞ்சூடான வாயுச் சுடரோ, ஆர்கான். ஆர்கான் 40, குளோரின் 35, ஒட்டிக்கொண்டால் 75. ஆர்செனிக்கின் எடையும் 75. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஹீலியம் செலுத்தி மறுபடி ஓட்டினோம். பருமனான ஜோடி மூலக்கூறு ஹீலியத்தோடு அதிகம் மோதி வேகம் இழந்து நின்றுவிடும், தனி அணு தப்பித்துப் போகும். ஆர்செனிக் சாதாரண அளவுக்கு இறங்கியது. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஏப்ரல் 9, புதன்

இன்று தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் வரை உப்பு இருக்கும். கருவி நிம்மதியாகத் தாங்குவது 2 கிராம். அதற்கு மேல் போனால் கூம்பின் ஊசித்துளையில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பிசின் நிரப்பிய சிறு குழாய் வழியாகத் தண்ணீரை விடுகிறோம். பிசின் உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், சோடியம் போய்விடும். பிறகு கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டால் பிடித்ததைக் கொடுத்துவிடும். 100 மில்லி 10 மில்லியாகிறது. உப்பும் போச்சு, உலோகமும் பத்து மடங்கு செறிவாச்சு.

செம்பு, நிக்கல், காட்மியம், ஈயம் எல்லாம் ஒழுங்கு. துத்தநாகத்தில்தான் இடித்தது. சதுப்புக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து, வேறு புட்டிக்கு மாற்றிக் கொண்டுவந்த வெறும் சுத்த நீரில் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். அதில் ஒன்றுமே இருக்கக்கூடாது. நீரிணைத் தண்ணீரிலேயே அதை ஒட்டித்தான் இருக்கிறது.

பெயருக்குத்தான் அது பிளாங்க், வெற்று மாதிரி. வெறும் புட்டி வாய் திறந்து பேசினால் மற்ற புட்டிகள் சொன்னதையெல்லாம் நம்ப முடியாது.

ஏப்ரல் 10, வியாழன்

பிளாங்க் மூன்று வகை. ஆய்வகத்தை விட்டு நகராதது ஒன்று. சதுப்புக்குப் போய், திறக்காமலே திரும்பியது ஒன்று. அங்கே திறந்து மாற்றியது ஒன்று. முதல் இரண்டும் சுத்தம், மூன்றாவதில் மட்டும் துத்தநாகம். அப்படியானால் அமிலம் தப்பில்லை, புட்டி தப்பில்லை, பிசினும் தப்பில்லை. சேற்றங்கரையில், மூடி திறந்திருந்த அந்த இரண்டு நிமிடத்தில்தான் வந்திருக்கிறது.

தம்பியை உட்காரவைத்து விசாரித்தேன். கையுறையை எத்தனை முறை மாற்றினாய்? வெளிப் பையைத் தொட்ட கையால் உள் பையைத் தொட்டாயா? பதில் சொல்லிக்கொண்டே வந்தான், காது சிவந்துவிட்டது. கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

கிளேர் பேட்டர்சன் நினைவுக்கு வந்தார். விண்கல்லில் ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்த மனிதர். தொட்டதிலெல்லாம் ஈயம்: காற்றில், கண்ணாடியில், அமிலத்தில், ஆளின் தலைமுடியில். பல வருடம் துடைத்துத் துடைத்துத்தான் 1956-இல் 455 கோடி ஆண்டு என்று எழுதினார். அந்தத் துடைப்பில்தான் உலகத்துக் காற்றெல்லாம் பெட்ரோல் ஈயம் என்று அவருக்குப் புரிந்தது. எனக்கு ஆறு மைக்ரோகிராமுக்கே தூக்கம் போகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. விடுப்பு போட்டேன். கோயிலில் கூட்டம், வெக்கை. வீட்டுக்கு வந்ததும் அம்மா மாங்காய்ப் பச்சடியை நீட்டினார், கூடவே பவுடர் டப்பாவையும். "கழுத்தெல்லாம் வேர்க்குரு, போட்டுக்கோ." ஒவ்வொரு ஏப்ரலும் இதே கதை.

நாளை மறுபடி சதுப்பு. படுக்குமுன் நெற்றிக் குங்குமத்தைச் சோப்பு போட்டுக் கழுவினேன். சில மலிவான சிந்தூரப் பொடிகளில் சிவப்புக்காக ஈய ஆக்சைடு சேர்ப்பதுண்டு. தம்பிக்கும் நினைவுபடுத்திச் செய்தி அனுப்பினேன். இந்த முறை எதையும் விடப்போவதில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பௌர்ணமி வற்றம். புதுக் கையுறை, புதுப் பைகள். தம்பி வெளிப் பையைப் பிரித்து நீட்டினான். நான் உள் பைக்குள் கை விடும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க கழுத்துல வெள்ளையா இருக்கே, அது என்ன?"

ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் டப்பாவின் பின்பக்கம் கண் முன்னால் வந்தது. காலையில் இருட்டோடு இருட்டாகக் குளித்து, கை பழகிய பழக்கத்தில் கழுத்து முழுக்கப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஏப்ரல் 1-ஆம் தேதியும் அப்படித்தான். குனிந்து புட்டி திறந்தது நான். முழங்கையால் கழுத்து வியர்வையைத் துடைத்ததும் நான்.

சுத்தக் கையுறைகளை அவனிடம் கொடுத்துவிட்டு நான் பெட்டிப் பக்கம் போனேன். தண்ணீர் முழுவதையும் அவன்தான் எடுத்தான். நன்றாகவே எடுத்தான். என்னைப் பத்தடி தள்ளி, காற்று போகும் திசையில் நிற்கச் சொன்னான். நின்றேன்.

சன்ஸ்கிரீனைப் பிடுங்கியதை அவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, பசிக்குது" என்றான். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் புரோட்டா, இரண்டு தே தாரே தேநீர், என் கணக்கு.

ஏப்ரல் 16, புதன்

டப்பாவில் துத்தநாக ஆக்சைடு என்று போட்டிருக்கிறது, எத்தனை சதவீதம் என்று இல்லை. பவுடரைக் கரைத்து ஐசிபி-எம்எஸ்ஸில் விடலாம் என்றான் தம்பி. வேண்டவே வேண்டாம். அவ்வளவு துத்தநாகம் ஒரு தடவை குழாய்க்குள் போனால் கழுவித் தீராது, அடுத்த ஒரு வாரத்துக்கு எல்லா மாதிரியிலும் அதுவே தெரியும். காகிதத்தில் கணக்குப் போட்டோம். பத்து சதவீதம் என்று வை. ஆக்சைடில் ஐந்தில் நான்கு பங்கு உலோகம். ஆக ஒரு மில்லிகிராம் பவுடரில் 80 மைக்ரோகிராம் துத்தநாகம். நம் புட்டி 250 மில்லி. அதில் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் காட்ட வேண்டுமென்றால் உள்ளே விழ வேண்டிய துத்தநாகம் ஒன்றரை மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு பவுடர். கண்ணுக்கே தெரியாது.

சேற்றில் இதே அளவு விழுந்தால் யாருக்கும் தெரியாது, ஒரு கிலோ சேற்றில் மில்லிகிராம் கணக்கில் துத்தநாகம் கிடக்கிறது. சேறு மன்னித்துவிடும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டாம் பயணத் தண்ணீர் ஓடி முடிந்தது. சதுப்பில் திறந்த பிளாங்க், ஆய்வக பிளாங்க், இரண்டும் ஒரே மட்டம். நீரிணைத் தண்ணீரில் துத்தநாகம் முதல் தடவை காட்டியதைவிட நன்றாகக் குறைவு.

முதல் தடவை எண்களிலிருந்து பிளாங்க்கைக் கழித்துவிட்டால் போதாதா என்று கேட்டார் பேராசிரியர். எல்லாப் புட்டியிலும் ஒரே அளவு அழுக்கு என்றால் கழிக்கலாம். அமிலத்திலிருந்து வந்திருந்தால் கழித்திருப்பேன். கழுத்திலிருந்து உதிர்ந்தது அளந்து உதிரவில்லையே. இரண்டாம் இடத்தில் இரண்டு துகள், நான்காம் இடத்தில் ஒன்றுமில்லை என்றால் கழித்து வருவது எந்த எண்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

ஏடு எடுத்து ஏப்ரல் 1 நீர் மாதிரிகளின் துத்தநாக வரிசையில் ஒரு கோடு போட்டேன். ஓரத்தில் காரணம்: எடுத்தவர் கழுத்தில் பவுடர். தேதி, கையெழுத்து. செம்பு, நிக்கல், காட்மியம், ஈயம் அப்படியே இருக்கட்டும், அவற்றின் பிளாங்க் சுத்தம்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம், பவுடரைச் சொன்னால் தன்னைச் சொன்ன மாதிரி. இப்போது சந்தனம் அரைத்து வைத்திருக்கிறார். சதுப்புக்குப் போகாத நாளில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வற்றம் 29-ஆம் தேதி. சுத்தக் கை தம்பி, பெட்டி தூக்குவது நான். புட்டிகளை இன்று மாலையே அமிலத்தில் போட்டுவிட்டேன்.