நத்தம் கணவாயிலிருந்து பார்க்கும்போது

மதுரையிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் பறக்கும் பாலத்தைவிட்டு இறங்கி, அழகர்மலைத் தொடர் நெருங்கி வரத் தொடங்கியதும், 1755-ஆம் ஆண்டில் இவ்வழியே திரும்பிய ஒரு படையின் நினைவு எனக்குத் தவறாமல் வரும்.

ஆற்காட்டு நவாபுக்காக வரி தண்டக் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, மதுரையை எதிர்ப்பின்றிப் பிடித்துக்கொண்டது. கோயில்குடியில் சாமி சிலைகளைக் கொள்ளைப் பொருளாகத் தூக்கிச் சென்றது. ஊர் திரும்பும் வழியில், பீரங்கிகளும் மூட்டை முடிச்சுகளுமாக நீண்டு கிடந்த அந்தப் படை நத்தம் கணவாயின் காட்டுக்குள் நுழைந்தபோது, ஈட்டியோடு காத்திருந்த கள்ளர் குலத்தவர் அதைத் தாக்கிச் சிலைகளை மீட்டுக்கொண்டார்கள். திறந்தவெளியில் அந்தப் பீரங்கிகளுக்கு முன்னால் அவர்கள் நின்றிருக்கவே முடியாது. ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

இடம் சாதகமாக இருந்ததுதான் கள்ளர்களின் வெற்றிக்குக் காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வியட்நாம் போரைப் பற்றிப் படித்த பிறகு அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. 1969-இல் அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்; இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வீசியதைவிட அதிகமான குண்டுகள் வியட்நாமும் அதன் அண்டை நாடுகளும் அடங்கிய இந்தோசீனாவின்மீது விழுந்தன. 1968-ஆம் ஆண்டு டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டுப் பெருநாளையொட்டிக் கம்யூனிஸ்டுகள் நடத்திய பெருந்தாக்குதலில், தாக்கியவர்களே மிகப் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். பிடித்த நகரங்களையும் அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆயினும் அடுத்த சில வாரங்களில், மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தவர் அமெரிக்க அதிபர் ஜான்சன்தான். வெற்றி நெருங்கிவிட்டதாகச் சொல்லக் கேட்டிருந்த மக்கள், தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் தங்கள் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் போரில் தோற்றாலும் அமெரிக்கர் எவருக்கும் வீடோ வயலோ பறிபோகப்போவதில்லை. அதனால்தான் கட்டாய ஆள்சேர்ப்பில் மகனை அனுப்பிய ஒவ்வொரு குடும்பமும் இது எதற்காக என்று கேட்க முடிந்தது. 58,000 பேர் இறந்த பின்பும் அந்தக் கேள்விக்கு அவர்கள் ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. வியட்நாமியருக்கோ விலகிப் போக வேறு நாடு இல்லை. வலியவன் வென்று முடித்தாக வேண்டும், எளியவன் அழியாமல் இருந்தாலே போதும் என்ற நிலையில், நாள்கள் நீள நீள ஆயுதக் கணக்கு பொருளற்றுப் போகிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை 1989-இலும் அமெரிக்கப் படை 2021-இலும் வெளியேறியதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்பது என் துணிபு.

ஆனால் சொந்த மண்ணில் நின்று போரிட்டவர்கள் எல்லாரும் வென்றுவிடவில்லை. எங்கள் பக்கத்துக்காரனாக இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 1801-இல் சிவகங்கையின் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில், சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று கைவிட்ட கம்பெனி, ஊருக்குத் திரும்பிவிடவில்லை. இந்த நிலத்தின் வரியில்தான் அது பிழைக்க வேண்டியிருந்தது. சிவகங்கைக்கு வேறொருவரை ஜமீன்தாராக அறிவித்து மருது சகோதரர்களின் ஆதரவாளர்களைப் பிரித்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானின் துணையும் அதற்குக் கிடைத்தது. அக்டோபர் மாதத் தொடக்கத்தில் காளையார்கோவில் விழுந்தது. 24-ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.