கடலை மலிவு, எள்ளும் மலிவு: வீட்டு ஹம்முஸ்

ஹம்முஸ் என்பது மத்திய கிழக்கு நாடுகளில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை விழுது. அது என்றாலே செலவு என்று நினைக்க வைப்பது கடையில் விற்கும் அந்தச் சின்ன டப்பாதான். எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் 200 கிராம் டப்பா 150 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. உள்ளே இருப்பதோ வெள்ளைக் கொண்டைக்கடலை, எள், எலுமிச்சை, பூண்டு, உப்பு. சில வாரங்களாக வீட்டிலேயே அரைத்துப் பார்த்து வருகிறேன். இப்போது கைப்பழக்கம் வந்துவிட்டது.

காசு கரைவது தஹினியில்தான். தஹினி என்பது எள் விழுது. பாட்டில் வாங்கினால் மற்ற எல்லாச் சாமானும் சேர்ந்தாலும் அதன் விலையைத் தொடாது. சரி, அதை விட்டுவிட்டால் என்ன என்று நல்லெண்ணெய் ஊற்றி அரைத்துப் பார்த்தேன், வறுத்த வேர்க்கடலை சேர்த்தும் பார்த்தேன். சப்பாத்திக்குத் தோதாகத்தான் இருந்தன, ஆனால் ஹம்முஸ் ருசி வரவில்லை. ஹம்முஸ் யாருடையது என்று லெபனானும் இஸ்ரேலும் மல்லுக்கட்டி, 2010இல் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ செய்து சாதனைக் கணக்கில் ஏறினார்கள். அவர்கள் நாட்டின் பரப்பளவும் 10,452 சதுர கிலோமீட்டர்! அப்படிச் சண்டை போடும் இரண்டு பக்கமுமே தஹினியை விட்டுக்கொடுப்பதில்லை. நான் எந்தத் தைரியத்தில் விடுவது?

ஆகவே எள்ளை நாமே அரைக்க வேண்டியதுதான். தோல் நீக்கிய வெள்ளை எள் 200 கிராம். கறுப்பு எள் கசக்கும், நிறமும் சாம்பலாகிவிடும். சிறு தீயில், சூடேறி வாசனை கிளம்பும் வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவந்தால் கசப்பு ஏறும். ஆறியதும் மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டால் முதலில் பொடியாகும், பிறகு உருண்டு ஓரத்தில் ஒட்டும். வழித்துவிட்டு, மிக்ஸிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓட்டினால் எண்ணெய் பிரிந்து இளகி வரும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தானே. அடம் பிடித்தால் வாசனையில்லாத எண்ணெய் இரண்டு ஸ்பூன் போதும். பாட்டில் தஹினி அளவுக்கு நைஸாக வராது, ஆனால் கடலையோடு கலந்த பிறகு வித்தியாசம் தெரிவதில்லை. பாதியை எடுத்துக்கொண்டு மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.

அடுத்து கடலை. வெண்ணெய் போல வரவேண்டும் என்று பலர் தோலை ஒவ்வொன்றாக உரிக்கிறார்கள். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது, தேவையும் இல்லை. 200 கிராம் கடலையை அரை ஸ்பூன் ஆப்பசோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி, வேகவைக்கும்போது இன்னும் கால் ஸ்பூன் போட்டால் தோல் கரைந்துபோகும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் என்ன செய்தும் கடலை விறைப்பாகவே நின்றது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். கேன் தண்ணீருக்கு மாறியதும் சரியாயிற்று. இன்னொன்று, சோடா போட்டால் நுரை பொங்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், முதல் கொதியில் நுரையை எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் விசில் குழாய் அடைக்கும். ஆறு விசிலுக்குப் பிறகு சிறு தீயில் கால் மணி நேரம். சுண்டலுக்கு வேகும் பதம் இதற்குப் போதாது. விரலால் அழுத்தினால் நறநறப்பு இல்லாமல் மசிய வேண்டும்.

பூண்டு ஒரு பல், பெரிதாக இருந்தால் அதுவும் பாதி. அதை நசுக்கி, இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றிலும் உப்பிலும் பத்து நிமிடம் ஊறவிட்டால் பச்சை வாடையின் காரம் தணிகிறது. பூண்டை நசுக்கியதும் காரத்தைக் கிளப்பும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடுகிறது. அந்தச் சாற்றை வடித்துத் தஹினியில் விட்டு அரைத்தால், முதலில் திரிந்த மாதிரி கட்டியாகும். பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஓட்டினால் வெளுத்து, குழைந்து வரும். அதில் வெந்த கடலை, அரை ஸ்பூன் சீரகப் பொடி போட்டு நன்றாக அரைத்தால் முடிந்தது. வேண்டுமானால் கடலை வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி. ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே நிறுத்துகிறேன்.

ஆலிவ் எண்ணெயை உள்ளே ஊற்றி அரைப்பதில்லை, மேலே மட்டும்தான். மத்திய கிழக்கிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் ஒரு சின்ன பாட்டில் பல மாதம் வரும். செக்கு நல்லெண்ணெயை மேலே விட்டுப் பார்த்ததில் அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. அம்மாவோ, "இதுக்கு கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினா என்னடா?" என்றார். கொட்டினோம். ருசியாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு பதார்த்தம்.

மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை, வந்தது அரைக் கிலோவுக்கு மேல். மூடி வைத்தால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். சில்லென்று சாப்பிட்டால் மந்தமாக இருக்கிறது. அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, கரண்டி முதுகால் குழித்து, எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தூவி, சூடான சப்பாத்தியோடு சாப்பிடுகிறோம். வெள்ளரிக்காயும் சரிதான். அடுத்து முஸபஹா செய்யப் போகிறேன்: கடலையை முழுதாகவே விட்டு, சூடாகத் தஹினியில் புரட்டி எடுப்பது. அதற்கு மிக்ஸியே வேண்டாம்.