சைரன் அடித்தால் யாருக்குத் தெரியும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை எனக்கு. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் காது கேளாதவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். வருடா வருடம் தீ பாதுகாப்புப் பயிற்சிக்கு அவர்களையும் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அவர்களில் ஒருவரின் தங்கை வந்து சைகையில் சொல்லும். பயிற்சியாளர் பத்து நிமிடம் பேசியதை அந்தப் பிள்ளை நாலு சைகையில் முடித்துவிடும். ஒன்பது பேரும் தலையாட்டுவார்கள். சரி, புரிந்துவிட்டது என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

இந்த முறை பையர், அதாவது எங்களிடம் துணி வாங்கும் கம்பெனியின் ஆடிட்டுக்கு வந்தவர் கேட்டார்: "இவங்களுக்குப் புரிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை.

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேட ஆரம்பித்தேன். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்ததில் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியரின் நம்பர் கிடைத்தது. அவருக்கு வேலை நாளில் வர முடியாது. அவர் கைகாட்டியவர்தான் கோவை அக்கா. டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தைப் பற்றியே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தேதியைச் சொன்னவுடன் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ கேள்விமேல் கேள்வி கேட்டார். எத்தனை மணி நேரம், எங்கே நின்று பேசுவார்கள், ஸ்லைடை முன்கூட்டியே அனுப்புவீர்களா, ஒன்பது பேரும் பள்ளிக்கூடம் போனவர்களா? கடைசிக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. "போகாதவங்களுக்கு வீட்டுச் சைகைதாங்க தெரியும். நான் காட்டறது புரியாது" என்றார். எங்களிடம் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் அப்படித்தான். அவனோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் காது கேளாத அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னார். அக்காவின் சைகையை அவர் வாங்கி, அவனுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் காட்டுவார்.

அப்புறம், இரண்டு பேர் வேண்டும் என்றார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் மூளை களைத்து, காதில் விழுவது கைக்கு வராதாம்.

"ஏம்மா, ஒருத்தர் பத்தாதா?" என்றார் முதலாளி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. ஆடிட் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கும் சொதப்பல்தான். ஸ்லைடு போடுவதற்காக விளக்கை அணைத்துவிட்டார்கள். அக்காவின் கை தெரியவே இல்லை. ஓடிப்போய் ஒரு பக்கம் மட்டும் விளக்கைப் போட்டேன். பயிற்சியாளர் "அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அக்காவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். நேராக அவர்களைப் பார்த்துப் பேசச் சொல்லி இரண்டு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. தீயணைப்பானைக் கையில் எடுத்தபடியே விளக்கினார். அவர்கள் சிலிண்டரைப் பார்ப்பதா, சைகையைப் பார்ப்பதா? முதலில் விளக்கம், பிறகு செய்துகாட்டல் என்று மாற்றினோம். இதையெல்லாம் முந்தின நாளே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

கேள்வி நேரம் வந்தது. நாலு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா கையைத் தூக்கினார். அவருடைய சைகை, மொழிபெயர்ப்பாளரின் குரலாக வந்தது: "நான் பாத்ரூம்ல தனியா இருக்கறப்ப சைரன் அடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

அரங்கில் சத்தமே இல்லை. இப்போது செக்கிங்கிலும் கழிப்பறையிலும் சைரனோடு சேர்ந்து மின்னும் சிவப்பு விளக்கு மாட்டியாயிற்று.

போன வாரம் அதே அக்கா ஒரு துண்டுச்சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். 'பீஸ் ரேட் பேசணும். அந்த ரெண்டு பேரையும் கூப்பிடுங்க.' ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று தரும் கூலிதான் பீஸ் ரேட். சீட்டு முதலாளியிடம் இருக்கிறது.