ஒரு குவாட்டர் என்றால் ஆறு

அத்தானைப் போலீஸ் பிடித்தது கொப்புடையம்மன் திருவிழா சமயத்தில். அந்த நாட்களில் காரைக்குடியில் ராத்திரி வண்டிச் சோதனை கொஞ்சம் கெடுபிடியாகவே இருக்கும். ஊதச் சொன்னார்கள், ஊதினார், மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வழக்கு. வண்டியை வாங்கிக்கொண்டு ஆளை விட்டிருப்பார்கள். இவர் வாய் கொடுத்ததில் ஆளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த வழக்கில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 202-வது பிரிவு சொல்கிறது. அதனால் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகவே கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்து, சான்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். எத்தனை வருஷப் பழக்கம், தினம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. போதையில் இருப்பவரிடம் கேட்டாலும் சரியான பதில் வராதுதான். காலையில் கேட்டிருக்கலாம்.

ஸ்டேஷன் ஜாமீனிலேயே விடக்கூடிய வழக்கு. ஆனால் ராத்திரி தனியாகப் போய் நின்ற அக்காவிடம், "காலையில ஆம்பளை யாரையாவது கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வீடு ஓடுவதே பலகாரம் போடும் இடத்தில் அவள் வாங்கும் சம்பளத்தில். அது கிடக்கட்டும். மதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போனேன்.

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் டீ தளும்பி வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது. வெயில் ஏறாத நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "பயந்து போயிட்டாப்ல. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ரைட்டர். வாசலில் நின்ற வயசான ஏட்டுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது பயம் இல்ல தம்பி. சரக்கு உள்ள போகாத நடுக்கம். வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஜி.ஹெச்.சுக்குப் போங்க. இதே பெஞ்சுல ஒருத்தன் வலிப்பு வந்து விழுந்ததைப் பார்த்திருக்கேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி என்பது ஆஸ்பத்திரியில் தெரிந்தது. தினமும் நிறையக் குடிக்கிறவருக்குத் திடீரென்று நின்றுபோனால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் ஆனபிறகு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றி, இல்லாததைப் பார்த்து, கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ரிமாண்டுக்குப் போகிறவருக்கு அந்த நாட்கள் ஜெயிலுக்குள் வரும். 'ஒரு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்' என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கம் அடங்க மாத்திரையும் கொடுத்தார்கள். கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் ஆலோசகர் ஒருவர் ஒற்றைத் தாளோடு வந்து உட்கார்ந்தார். சின்னப் பெண். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். "இது கேஸுக்கு இல்லண்ணே, போலீஸ்கிட்ட போகாது" என்று முதலில் சொல்லிவிட்டார். அதைச் சொல்லியிருக்காவிட்டால் அத்தான் வாயே திறந்திருக்க மாட்டார்.

"குடிக்கிற அன்னைக்கு எவ்வளவுண்ணே?"

"ஒரே ஒரு குவாட்டர்தாம்மா."

அந்த 'ஒரே ஒரு'வை அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 180 மில்லி, 42.8 சதவீதம், ஆக ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். படிவத்தில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். ஒரு குவாட்டர் ஆறு. ஆளுக்குப் பாதியாகப் பிரித்த கட்டிங்கே மூன்று. அத்தான் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டு முறை பார்த்தார்.

ஆறாவது கேள்வி, காலையில் எழுந்ததும் ஒரு வாய் ஊற்றினால்தான் வேலை ஓடும் என்ற நிலை உண்டா என்பது. அத்தான் ஆத்தங்குடியில் பூப்போட்ட டைல்ஸ் கல் செய்கிறவர். கண்ணாடிமேல் தகர அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் சின்னக் கரண்டியால் வர்ணக் கலவையை ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் பூ கெட்டுப்போகும். "கை நிக்கணும்லம்மா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. காலைச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்காவுக்கு இது தெரியாது. கை நடுக்கம் வயசுக்கு வந்தது என்று நினைத்து நல்லெண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மொத்தம் 25. எட்டிலிருந்து 15 வரை என்றால் சில நிமிட ஆலோசனை போதும். 20-ஐத் தொட்டால் அடிமைத்தனமாக இருக்கலாம், சிறப்பு சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். "உங்களுக்கு அட்வைஸ் பத்தாதுண்ணே. நீங்களா ஒரேயடியா நிறுத்தவும் கூடாது. உள்ள தங்கி, மருந்தோட நிறுத்தணும்" என்று சொல்லி மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அவர் கேட்கக் கேட்க என் கணக்கும் மனசில் ஓடியது, எட்டைத் தாண்டியது. சொன்னேன். அந்தச் சில நிமிட ஆலோசனை எனக்குத்தான் கிடைத்தது. திட்டவில்லை. இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்றார், குறைத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்று என்னையே சொல்லச் சொன்னார், எந்தக் கிழமை, யாரோடு என்று கேட்டு அந்தச் சனிக்கிழமைக்கு வேறு ஏற்பாட்டை என் வாயாலேயே வரவழைத்தார்.

இங்கிலாந்தில் 2007 வாக்கில் சில ஊர்களில் கைதானவர்களிடமே இப்படிக் கேட்டு ஆலோசனை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். குடி கொஞ்சம் குறைந்ததாகவும், மறுபடி கைதாவது குறைந்ததற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் முடிவு வந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஐந்து நிமிடப் பேச்சு என் மாதிரி ஆளுக்கு; அத்தானுக்கு அந்தத் தாளால் கிடைத்தது சரியான வார்டு. கைதான யாரையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவே சொல்கிறது. கடைசியாகக் குடித்தது எப்போது, தினமும் குடிப்பவரா என்று அங்கேயே கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டில் யாரையாவது பிடித்துப்போனால் நீங்களே அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

கோர்ட் வேலை சீக்கிரம் முடிந்தது. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அத்தானுக்கு அபராதத்தோடு போயிற்று. அக்காவின் சீட்டுப் பணம்.

வார்டில் இருந்து வந்தபின் மாத்திரை ஓடுகிறது. நடுவில் ஒரு தடவை குடித்தார், அவரே போய் ஆலோசகரிடம் சொன்னார். லைசென்ஸ் சஸ்பெண்டில் இருப்பதால் ஆத்தங்குடிக்கு பஸ்ஸில்தான் போய்வருகிறார். சாயங்காலம் இறங்கும் ஸ்டாப்புக்கு எதிரிலேயே கடை. அதற்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடந்து வரச் சொல்லியிருக்கிறாள் அக்கா. "மாப்ளே, உங்கக்கா என்னை நடக்க விட்டே கொல்றா" என்று போனில் புகார் சொன்னார்.