தலையில்லாத் தென்னையில் தாரா: அத்திடிய முன்வளவு நாட்குறிப்பு

26 ஏப்ரல் 2025, சனி

காலை 6.10க்கு, கொழும்பின் புறநகரான அத்திடியவில், வீட்டு முன்வளவில் பட்ட தென்னையின் உச்சியில் இரண்டு தாரா (வாத்து). செவ்வண்டு குடைந்து குருத்துச் செத்த மரம் அது. தலையை வெட்டியபின் ஓர்க்கிட் கட்டலாமென்று நாலு மீற்றர் முண்டம் மட்டும் விடப்பட்டது. உச்சி உளுத்து, சோற்றுப்பானை இறங்குமளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. ஒன்று குழிக்குள் இறங்கிச் சுற்றிப் பார்த்தது. மற்றது விளிம்பில் நின்று கழுத்தை நீட்டிக் காவல்.

வளர்ப்புத் தாரா அல்ல, சீழ்க்கைச் சிறகி. சிங்களத்தில் ஹீன் தம்பசேருவா. அடையாளம் காண நிறத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, பறக்கையில் குரலைக் கேட்டால் போதும்: தொண்டை கட்டிய பிள்ளை விசிலடிப்பதுபோல் இரண்டசைச் சீழ்க்கை. உடம்பு செங்கபிலம், கழுத்தும் காலும் நீளம், கண்ணைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டினாற்போல் ஒரு வளையம். ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. தாரா மரத்தில் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: இதன் விஞ்ஞானப் பெயரின் முற்பாதிக்கே மர அன்னம் என்றுதான் பொருள். மரப்பொந்து, காகமோ கொக்கோ கைவிட்ட கூடு, சில வேளை நிலத்துப் புல், எதிலும் முட்டையிடும்.

30 ஏப்ரல், புதன்

முதல் முட்டை. தந்த வெள்ளை, கோழி முட்டையைவிடச் சற்று உருண்டை.

பார்த்த விதம்: பன்னிரண்டடி மூங்கில் நுனியில் போனைக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, குழிக்கு மேலே பத்து விநாடி பிடித்து இறக்கியது. இரண்டும் ஒழுங்கைக்கு அப்பாலுள்ள சதுப்புக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும், இரண்டு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை. ஏணி வேண்டாம். முட்டையிடும் இந்த வாரத்தில்தான் கூட்டை விட்டுப்போவது லேசு. பறவைக்கு இன்னும் அதில் பெரிய முதலீடு இல்லை. மனிதவாடை பட்டால் தாய் திரும்பாது என்று சொல்வது பிழை. வாடை அல்ல, திரும்பத் திரும்ப வரும் தொந்தரவுதான் விரட்டும்.

குழிக்குள் மென்னிறகு மெத்தை இல்லையே என்று பதறக்கூடாது. வேறு தாராக்கள் நெஞ்சு மயிரைப் பிடுங்கி விரிக்கும். சீழ்க்கைச் சிறகிக்கு அந்தப் பழக்கமில்லை. உளுத்த தும்பும் மரத்தூளும் போதும்.

4 மே, ஞாயிறு

ஐந்து. நாளுக்கு ஒன்று.

8 மே, வியாழன்

ஒன்பது. மாலையிலிருந்து ஒன்று இறங்காமல் இருக்கிறது. அடை தொடங்கியாயிற்று. எல்லா முட்டையும் இட்டு முடியும்வரை அடையில் இருக்காததால்தான் முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஒரே நாளில் பொரிக்கின்றன. 22 முதல் 24 நாள். இன்றிலிருந்து எண்ணினால் மே 30க்கும் ஜூன் 1க்கும் இடையில்.

பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால்: "தம்பி, நாலைஞ்சு முட்டையை எடுத்து எங்கட கோழிக்குக் கீழ வைச்சா என்ன? காகம் கொண்டுபோறதை விட நல்லதுதானே."

நல்லதல்ல, அன்ரி. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி முட்டையில் கைவைப்பதே குற்றம். சட்டத்தை விட்டாலும், பொரித்த முதல் நாளில் எதன் பின்னால் நடக்கிறதோ அதையே தாயென்று பதித்துக்கொள்ளும் குஞ்சு இது. கோழிக்குப் பின்னால் வளர்ந்தால் குப்பை கிளறப் பழகும், சதுப்புக்குப் போகத் தெரியாது.

12 மே, திங்கள், வெசாக்

முன்வீட்டு வெசாக் பண்டிகை வெளிச்சக்கூட்டின் பல்ப் சரம் மதிலைத் தாண்டி இந்த முண்டத்தில் கட்டப்பட்டிருந்தது. மாலை ஐந்துக்குள் கழற்றி மதில் பக்கம் மாற்றியாயிற்று. ஆனாலும் சந்தியிலுள்ள தன்சலின் (வெசாக் அன்னதானப் பந்தல்) வெளிச்சம் நேரே உச்சியில். அந்தி மாற்றத்துக்கு வந்த துணை நாலு தடவை சுற்றிவிட்டு இறங்காமல் போனது. 10.40க்கு விளக்கு அணைந்த பிறகுதான் இறங்கியது. உள்ளே இருந்தது அதுவரை அசையவில்லை. இரண்டும் மாறிமாறி அடைகாக்கும் இனம் என்பது இப்படியான இரவில்தான் உதவுகிறது. தாய் மட்டும் அடையிருக்கும் இனமாயின், பசித்து எழும்போது முட்டை வெறுமையாகக் கிடந்திருக்கும்.

15 மே, வியாழன்

பாவம், தண்ணீர் வைக்கலாமே என்று வருகிறவர் எல்லாரும் சொல்கிறார்கள். வைக்கவேண்டாம். பேசினில் நிற்கும் நீரில் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பு பறக்கும். டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தாராவைக் காட்டித் தப்ப முடியாது. காகமும் நாயும் அதே பேசினைத் தேடி வரும். பறவைக்கு அது தேவையுமில்லை, மாற்றம் முடிந்ததும் சதுப்புக்குப் பறக்கிறது. பாணும் சோறும் அப்படியே.

19 மே, திங்கள்

அடை பதினோராம் நாள். இனி லேசில் விட்டுப்போகாது என்ற துணிவில் தகரம் கட்டியது. தென்னந்தோட்டத்தில் எலி ஏறாமலிருக்கக் கட்டும் அதே தகரம்தான். அகலம் மட்டும் கூட. எலிக்கு ஓரடி போதும். மரநாயும் கபரகொயா என்ற நீருடும்பும் எட்டிப் பிடிக்காமலிருக்க 90 சென்ரிமீற்றர் வேண்டும். நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் உயரத்தில் தொடங்கி, ஓரம் ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி சுற்றி, இரண்டு இடத்தில் கம்பியால் முறுக்கியது. ஆணி அடிக்கவில்லை. உளுத்த மரத்தில் சுத்தியல் அடி உச்சியில் நிலநடுக்கம் மாதிரி. வேலை எட்டு நிமிடம். உள்ளே இருந்தது தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டது.

தகரம் கட்டிவிட்டு மாங்கொப்பை மறந்தால் பயனில்லை. உச்சியிலிருந்து இரண்டு மீற்றருக்குள் வந்த கொப்பைக் கைவாளால் அறுத்தது. மரநாய் நிலத்தால் வருவதைவிடக் கொப்பால் வருவதே அதிகம்.

22 மே, வியாழன்

காகம் சோடியாக வந்தது. ஒன்று முன்னால் நின்று கவனத்தை இழுக்க, மற்றது பின்னால் வாலைப் பிடிக்கப் பார்க்கும். சிறகி இறகைச் சிலிர்த்துப் பாம்புபோல் சீறியது. காகம் தோற்றது, இன்றைக்கு. வந்த காரணம் முட்டையல்ல, குசினிக்குப் பின்னால் மீன் கழுவிய தண்ணீரும் செதிளும். அந்த வாளிக்கு இன்றிலிருந்து மூடி.

24 மே, சனி

இரவெல்லாம் தென்மேற்கு மழை. குழியில் நீர் தேங்கவில்லை. பக்கவாட்டில் ஒரு வெடிப்பு இருப்பது இந்தச் சோடியின் அதிர்ஷ்டம். வெடிப்பில்லாத முண்டத்தில் ஒரே இரவில் முட்டை மிதக்கும். இப்படி ஒரு முண்டத்தை விட்டுவைக்கிறவர்கள் குழியின் அடிமட்டத்தில் 12 மில்லிமீற்றர் துளை ஒன்று, வெளிப்பக்கம் சரிவாக, முன்கூட்டியே போட்டுவிடவேண்டும். பறவை இருக்கும்போது துளைக்கக்கூடாது.

28 மே, புதன்

மரத்துக்குச் செய்ய இனி ஒன்றுமில்லை. நிலத்துக்குத்தான் எல்லாம்.

முண்டத்திலிருந்து கேற் ஆறு மீற்றர். கேற்றிலிருந்து ஒழுங்கை வழியே சதுப்பு விளிம்பு 210 மீற்றர். பறக்கிறவைக்கு அரை நிமிடம். குஞ்சுகளுக்கு முழுத் தூரமும் நடை.

அடியில் முதலில் இன்டர்லொக் கல். குஞ்சு பஞ்சுபோல் எடையற்றது, காலை விரித்துக்கொண்டு விழும், மண்ணிலோ புல்லிலோ அடிபடாது. கல்லென்றால் நிச்சயமில்லை. முண்டத்தைச் சுற்றி இரண்டு மீற்றருக்குத் தும்பும் காய்ந்த புல்லும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பியது. சாக்கு, வலை, துணி விரிக்கவேண்டாம், நகம் மாட்டும்.

அடுத்தது கேற். அடியில் நாலு சென்ரிமீற்றர்தான் இடைவெளி. குஞ்சு ஒருவேளை நுழையும், பெரியது நுழையாது. பறந்து தாண்டிவிடும், குஞ்சு உள்ளே நின்று கத்தும். 30ஆம் திகதியிலிருந்து விடிகாலை ஐந்து முதல் கேற் ஒரு பக்கம் முழுதாகத் திறந்திருக்கும்.

உண்மையான எமன் கான் (வடிகால்). வீதியோரக் கொங்கிறீற்றுக் கான் 45 சென்ரிமீற்றர் அகலம், 60 ஆழம், சுவர் செங்குத்து. மேலே போட்ட சிலாப்புகளுக்கு இடையில் உள்ளங்கை அகல வெடிப்புகள். பெரியது ஒரு எட்டில் தாண்டும். பின்னால் வருகிற குஞ்சு விழும். விழுந்தது தாயின் குரலைக் கேட்டு ஓடும், ஆனால் சுவரில் ஏற முடியாது. மழை பெய்தால் நேரே மதகுக் குழாய்க்குள்.

செய்தவை: கேற் வாசலிலிருந்து ஒழுங்கை முனைவரை இருந்த பதினொரு வெடிப்புகளை அரை அங்குலக் கம்பி வலை மடித்து அடைத்தது. நீர் போகும், குஞ்சு போகாது. சிலாப் இல்லாத திறந்த 30 மீற்றருக்கு, பத்து மீற்றருக்கு ஒன்றாக மூன்று பலகை: ஒன்றரை மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம், கானின் நீளவாக்கில் சரித்து, பழைய சாக்குச் சுற்றி. வெறும் பலகை நனைந்தால் வழுக்கும். கூடச் சரித்தாலும் ஏறாது, 25 பாகைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பலகைக்கும் கீழ்நீர்ப் பக்கத்தில் இரண்டு மணல் சாக்கு, அடித்துச் செல்லப்படும் குஞ்சு அதில் தட்டி நின்று பலகையைக் காணும். மழை பலத்தால் சாக்கை எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்கை வெள்ளத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

அவசரத்துக்கு ஒரு மட்டைப்பெட்டி, காற்றுத் துளை, துவாயில் சுற்றிய சுடுநீர்ப் போத்தல். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1992 கதவில் ஒட்டியிருக்கிறது.

30 மே, வெள்ளி

மூங்கில் போனில் இன்று ஒலிக்காக மட்டும் ஒரு நிமிடம். ஓட்டுக்குள் இருந்து கிணுகிணுப்பு. மாலையில் மூன்று முட்டையில் நட்சத்திர வெடிப்பு. வெடிப்பிலிருந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சட்கரு வயிற்றுக்குள் போகிறது, சவ்வின் இரத்தக் குழாய் காய்கிறது. உரித்துவிட்டு உதவப் போனால் இரத்தம் வடிந்து சாகும்.

31 மே, சனி

எட்டு. ஒன்பதாவதில் வெடிப்பில்லை. மஞ்சட்கரு இருப்பதால் ஒன்றிரண்டு நாளைக்கு இவைக்குத் தீன் வேண்டாம்.

1 ஜூன், ஞாயிறு

6.40. ஒன்று தும்பில் இறங்கி நின்று தணிந்த குரலில் கூப்பிடத் தொடங்கியது. மற்றது கூரை விளிம்பில். உளுத்த மரத்தின் சொரசொரப்பில் நகத்தைப் போட்டுக் குஞ்சுகள் உட்சுவரில் ஏறிவந்தன. கறுப்பும் வெள்ளையும், பிடரியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. 6.52க்கு முதலாவது விழுந்தது, துள்ளி எழுந்து குரலை நோக்கி ஓடியது. 6.57க்கு எட்டும் கீழே. தகரத்தில் ஒன்று பட்டுச் சறுக்கியது, கீறலில்லை. தகரத்தின் மேலோரத்தை மடித்துவிடாதது பிழை.

7.05. கேற்றைத் தாண்டியது வரிசை. வெள்ளை உடுப்போடு தஹம் பாடசாலைக்கு (ஞாயிறு பௌத்த அறநெறி வகுப்பு) போன பிள்ளைகள் நின்றார்கள், ஓட்டோ ஒன்று எஞ்சினை நிறுத்தியது. யாரோ பின்னால் நெருங்கி விரட்டப் பார்க்க, முன்னால் நடந்த பெரியது எழும்பிப் பறந்துவிட்டது. எப்போதும் கெடுவது இந்த இடம்தான். ஓட்டிச்செல்லக்கூடாது, நடத்துவது பறவையின் வேலை. எல்லாரையும் இருபது மீற்றர் பின்னால் அனுப்பியதும் இரண்டு சுற்றுச் சுற்றி, விசிலடித்து இறங்கியது. சிதறிய எட்டும் மதில் நிழலிலிருந்து அந்தக் குரலுக்கு வந்து சேர்ந்தன.

திறந்த கானில் ஒன்று விழுந்தது. கையை நீட்டினால் மறுபக்கம் ஓடுகிறது. விட்டுவிட்டுப் பெரியது நின்ற பக்கத்திலிருந்து ஆட்களை விலக்கியதும், அது கான் ஓரத்தில் வந்து கூப்பிட, குஞ்சு மணல் சாக்கில் தட்டி, பலகையைக் கண்டு, சாக்கில் நகம் பிடித்து ஏறியது. நாலு நிமிடம்.

கையால் பிடிக்கவே வேண்டியிருந்தால்: முழுத் தொகுதியையும் பிடித்து, மேல்பக்கம் வலை போட்ட பெட்டியில், பெரியதன் கண் முன்னே, தாழ்வாகப் பிடித்து நடக்கவேண்டும். குஞ்சின் குரல் கேட்கக் கேட்க அது பின்னால் வரும். பெட்டியைக் காரில் வைத்துக் கொண்டுபோய்ச் சதுப்பில் கொட்டிவிட்டு வருவது காப்பாற்றுவதல்ல. தாயில்லாத குஞ்சு நீரில் நனைந்து குளிர்ந்து போகும், அதற்கு முன் காகம்.

7.38. ஜப்பான் ஜபரா (ஆகாயத்தாமரை) விளிம்பில் இறங்கின. வெல் அத்தா (சதுப்பில் வளரும் சீத்தா இன மரம்) வேர்களுக்கிடையே எட்டும் தெரிந்தன, பிறகு தெரியவில்லை.

3 ஜூன், செவ்வாய்

ஒன்பதாவது முட்டை குளிர்ந்து கிடக்கிறது. எடுத்து வைத்துக்கொள்ளும் சாமானல்ல. காகம் கொண்டுபோகட்டும். தும்பைக் கூட்டி ரோசாச் செடிகளுக்குப் போட்டாயிற்று. தகரம் இருக்கட்டும், மேலோரம் மடிக்கவேண்டும்.

மாலை கான் பலகைகளை எடுக்கப் போனால், நடுப்பலகையின் ஈரச் சாக்கில் ஒரு கானாங்கோழி நிற்கிறது. பின்னால் கரித்துண்டுபோல் நாலு குஞ்சு. பலகைகள் அங்கேயே கிடக்கின்றன.