வண்டலா, இருமண்பாடா? மூன்று மதிப்பெண் வாங்கிய கதை

குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்து, தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். முதல் மாதிரித் தேர்விலேயே வந்த கேள்வி இது: ‘வெள்ளச் சமவெளிகளில் காணப்படும் இருமண்பாட்டு மண்ணின் இயல்புகளை விளக்குக.’ பத்து மதிப்பெண், 150 சொல். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொள்ளிடக் கரையில் பிறந்தவனிடம் போய் இதைக் கேட்கிறார்களே என்று கடகடவென எழுதினேன். வளமானது, நெல்லுக்கும் கரும்புக்கும் ஏற்றது, கங்கைச் சமவெளியில் உண்டு, காவிரி டெல்டாவில் உண்டு.

மூன்று மதிப்பெண் வந்தது. திருத்தியவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘வண்டலா, இருமண்பாடா?’

இரண்டும் ஒன்றுதானே என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. வண்டல் என்பது மண்ணின் பிறப்பைச் சொல்கிற பெயர்: ஆறு சுமந்து வந்து போட்டது. இருமண்பாடு என்பது அதன் கலப்பைச் சொல்கிற பெயர்: மணல், சில்ட் (மணலைவிட நயமான, களியைவிடப் பருமனான துகள்), களி மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. ஆறு போட்டதெல்லாம் இருமண்பாடு ஆகிவிடாது. வெறும் மணலாகவும் போடும், குழைகளியாகவும் போடும். அதேபோல ஆற்றையே பார்க்காத செம்மண் நிலத்திலும் இருமண்பாடு இருக்கலாம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. சில நூல்கள் ‘சில்ட்’ என்பதற்கும் வண்டல் என்றே போடுகின்றன. அப்படி எழுதினால் ‘வண்டல் மண்ணில் வண்டல் 40 சதவீதம்’ என்று வாக்கியம் தன் வாலைத் தானே கடிக்கும். நான் எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஆறு போட்ட மண் முழுவதற்கும் வண்டல் மண். ஆங்கிலத்தில் லோம் என்பதற்கு இருமண்பாடு. சில்ட்டை சில்ட் என்றே விட்டுவிடுவது. விடைத்தாளில் முதல் தடவை வரும்போது அரை வரியில் விளக்கிவிட்டால் போதும், பிறகு திருத்துபவருக்கும் குழப்பமில்லை.

எண்கள் கொஞ்சம்தான், மனப்பாடம் செய்துவிடுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் அளவுப்படி மணல் 2 முதல் 0.05 மி.மீ. வரை, சில்ட் 0.05 முதல் 0.002 வரை, அதற்கும் கீழே களி. மணல் 40, சில்ட் 40, களி 20 சதவீதம் என்பது இருமண்பாட்டுக்குச் சொல்லும் வழக்கமான கலவை. களி ஐந்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். அந்தச் சின்னப் பங்குக்கே ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கிற வேலையில் பெரும்பகுதி போய்விடுகிறது.

மிச்சத்தைப் புத்தகத்தில் படித்ததைவிட மாமாவின் படுகையில்தான் கற்றேன். எங்கள் பக்கம் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தைப் படுகை என்போம். மாமா அதில் வாழை போட்டிருந்தார். நான் ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். “என்ன மாப்பிள்ள, கலெக்டருக்குப் படிக்கிறேன்னு சொல்லிட்டு மண்ணு பிசையிற?” என்றார். அந்த நாடா இரண்டு சென்டிமீட்டர் நீள்வதற்குள் ஒடிந்து விழுந்தது. இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் இருமண்பாட்டு வகை. ஐந்து வரை நீண்டால் களி கலந்த இருமண்பாடு. அதையும் தாண்டினால் களி. விரலில் நறநறப்பது மணல், கோதுமை மாவு போல வழுக்குவது சில்ட், ஒட்டிக்கொண்டு விடாமல் இழுப்பது களி. மாமாவின் மண்ணில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தன, எதுவும் ஓங்கி நிற்கவில்லை. இருமண்பாட்டுக்கு அதைவிட நல்ல வரையறையை நான் இன்னும் எங்கும் படிக்கவில்லை.

அன்றைக்கே ஆறு அரித்து நின்ற கரையின் வெட்டுமுகத்தையும் போய்ப் பார்த்தேன். மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சாண் நயமான மண், அதற்குக் கீழே இரண்டு விரல் கனத்தில் மணல், அதன் கீழ் மக்கிய சருகோடு கறுத்த ஒரு கோடு, மறுபடி நயமண். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளம் விட்டுப்போனது. மற்ற மண்ணில் கீழே போகப் போக மக்குச்சத்து சீராகக் குறையும். வெள்ளச் சமவெளியின் இளமண்ணில் அது ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும், ஏனென்றால் பழைய மேல்மண் புதிய படிவுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மண் வகைப்பாட்டில் இளமண்களுக்கான என்டிசால் வரிசைக்குள் ஃப்ளூவென்ட் என்று தனித் துணைவரிசை வைத்து, இந்த ஏற்ற இறக்கத்தையும் அதன் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். இந்த ஒரு வரியை விடையில் வைத்துப் பாருங்கள், படித்தவன் எழுதியது என்று தெரியும்.

இருமண்பாடு சமவெளி முழுக்கப் பரவாமல் குறிப்பிட்ட இடங்களில் அமைவது ஏன் என்ற கேள்விக்குப் படம் போடுவதுதான் நல்லது. கரை மீறிய வெள்ளத்தின் வேகம் சட்டென்று குறைகிறது. கனமான மணல் கரையோரமே விழுந்து மேட்டுக்கரையாகிறது. சில்ட் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. களி, தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம் வரை போய் மெதுவாகப் படிகிறது. மணலும் களியும் சந்திக்கிற அந்த நடுப்பட்டையில்தான் இருமண்பாடு. குறுக்குவெட்டுப் படத்தில் ஆறு, மேட்டுக்கரை, நடுப்பட்டை, பின்சதுப்பு என்று நான்கு பெயர் குறித்தால் நாற்பது சொல் மிச்சம்.

நீர் பற்றி எழுதும்போது நான் செய்த தவறு: ‘அதிக நீரைத் தேக்கும்’ என்று எழுதியது. அதிகமாகத் தேக்குவது களிமண். ஆனால் அதில் ஒரு பங்கை வேரால் உறிஞ்ச முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மணலோ வந்ததை விட்டுவிடும். பயிருக்குக் கிடைக்கிற நீர் என்று பார்த்தால் இருமண்பாடும், அதிலும் சில்ட் கூடிய இருமண்பாடும்தான் முன்னால் நிற்கும். ‘தேக்கும்’ என்பதை ‘பயிருக்குக் கிடைக்கச் செய்யும்’ என்று மாற்றியதிலேயே விடை சரியாகிவிட்டது. குறையையும் ஒன்று எழுதுங்கள்: சில்ட் கூடினால் மழை அடித்துக் காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டும், சிறுவிதைகள் முளைத்து வெளிவரத் திணறும்.

சத்து விஷயத்தில் ஜாக்கிரதை. பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. நூல், வண்டலில் பொட்டாஷ், பாஸ்பாரிக் அமிலம், சுண்ணாம்பு மூன்றும் போதிய அளவு என்கிறது. மண் பற்றிய பாடம் நீக்கப்படுவதற்கு முந்தைய பழைய பதினோராம் வகுப்பு நூல் பொட்டாஷ் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு என்றது. எதை எழுதுவது என்று நான் நிறைய நேரம் வீணடித்தேன். முதன்மைத் தேர்வுக்குப் பதினோராம் வகுப்புக் கூற்றோடு காரணத்தையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம். இளமண் என்பதால் மைக்கா, ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் முழுக்கச் சிதைந்துபோகாமல் கிடக்கின்றன, பொட்டாஷ் அவற்றிலிருந்து வருகிறது. நம் வெயிலில் மக்கு சீக்கிரம் எரிந்துவிடுவதால் நைட்ரஜன் குறைவு. வாழைக்கு எது போட வேண்டும் என்று மாமாவுக்கு இதெல்லாம் தெரியாமலே தெரியும், அது வேறு கதை.

காதர், பாங்கர் வேறுபாட்டை எல்லோரும் எழுதுவார்கள், அதனால் அதற்கு இரண்டு வரிக்கு மேல் தராதீர்கள். வெள்ளம் எட்டுகிற புதுவண்டல் காதர். எட்டாத மேட்டுப் பழவண்டல் பாங்கர். பாங்கரில் கங்கர் எனப்படும் சுண்ணாம்பு முண்டுகள் அதிகம், நம்மூரில் சுக்காங்கல் என்போம். பஞ்சாபில் காதர் நிலத்துக்கு ‘பேட்’ என்று பெயர். இந்தச் சொல்லைச் சேர்த்தால் விடைக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

அதைவிட முக்கியம், வெள்ளம் வந்தால் வளம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. பீகாரின் சுபௌல், மாதேபுரா பக்கம் வயல்களில் அந்த வெள்ளம் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. நயமண்ணை மணல் மூடினால் அதைச் சுரண்டி எடுக்கும் வரை பயிர் இல்லை. நேர்மாறான நிலையும் உண்டு: 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி சுமந்து வரும் நயமண்ணில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஆடிப்பெருக்குக்குத் தாத்தா சொன்ன செந்தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

பயிற்சிக்கு ஒரே ஒரு யோசனை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஜன்னலில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் தங்கும். இரண்டொரு மணி நேரத்தில் சில்ட் அதன்மேல் படியும். களி மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். முதன்மைத் தேர்வுக்கு முந்தைய வாரம் என் அறை ஜன்னலில் மூன்று பாட்டில் நின்றன: படுகை மண், உள்ளே இருந்த நெல்வயல் மண், ஆற்று மணல். நெல்வயல் பாட்டில் மட்டும் நான் தேர்வு எழுதி முடித்துத் திரும்பியபோதும் முழுக்கத் தெளியவில்லை. அம்மா அதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு பாட்டிலைக் கழுவிப் புளி போட்டு வைத்துவிட்டார்.