கீபோர்டு விளையாட்டுக்கு விரல் தெரியாது

திரையில் வண்ணப் பட்டைகள் மேலிருந்து விழும். கீழே வந்து தொடும் நேரத்தில் இசை கீபோர்டில் அதே கட்டையை அழுத்தினால் மதிப்பெண். இந்த வகை கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் சிந்தீசியா பிரபலம். 2006-ல் வந்தபோது அதன் பெயர் பியானோ ஹீரோ. பியானோ பூஸ்டர் முழுக்க இலவசம், பட்டைக்குப் பதில் ஐந்து கோட்டு நொட்டேஷனையே காட்டும். இரண்டுமே மிடி கோப்பை, அதாவது சத்தத்தை அல்லாமல் எந்தக் கட்டை எப்போது என்ற குறிப்பை வைத்திருக்கும் கோப்பை, வாங்கிக்கொண்டு ஓடுபவை. அதனால் கடையில் விற்கும் பாட்டுகளோடு நிற்க வேண்டியதில்லை, கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையையே விளையாட்டாக்கலாம்.

அதற்கு முன் ஒன்று. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக: விளையாட்டுக்குப் போய்ச் சேரும் தகவல் இவ்வளவுதான். எந்த விரல் என்பது போகாது. இரண்டு ஆட்காட்டி விரலால் குத்திக் குத்தியே நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். பிள்ளைகள் அதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டர் பார்க்கட்டும், நீங்கள் விரலைப் பாருங்கள்.

இணைப்பிலிருந்து தொடங்கலாம். கீபோர்டின் பின்பக்கம் 'யூஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதிய சதுரத் துளை இருந்தால் பிரின்டர் கேபிளே போதும். 'டு டிவைஸ்' என்றிருந்தால் அது பென் டிரைவுக்கான துளை, இதற்கு உதவாது. சில மாடல்களில் பழைய போன் சார்ஜர் மாதிரி சின்னத் துளை இருக்கும். அதில் செருகியும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்களில் தகவல் போகும் கம்பியே கிடையாது. யூஎஸ்பி துளையே இல்லாத குட்டி கீபோர்டு என்றால் மைக் வழியாகக் கேட்டு மார்க் போடும் ஆப்தான் வழி. அதற்கு மின்விசிறியை நிறுத்த வேண்டும், தாள பீட்டை அணைக்க வேண்டும், டோனில் பியானோ வைக்க வேண்டும். ஸ்டிரிங்ஸ் டோன் மெதுவாக எழும்பும், ஆப் அதைத் தாமதம் என்று கணக்கில் எழுதிவிடும்.

அடுத்த தொல்லை தாமதம். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக, 10 மில்லி நொடித் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது மாதிரி, அது பரவாயில்லை. ப்ளூடூத் ஹெட்போனில் அது சாதாரணமாக 100-ஐத் தாண்டும். பிள்ளை சரியாகத்தான் அழுத்தும், காதுக்குப் பிந்தி வரும், உடனே அவசரப்பட்டு முந்தி அழுத்தப் பழகும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. ஹெட்போன் வேண்டுமென்றால் ஒயர் வைத்ததை கீபோர்டிலேயே செருகுங்கள். பிள்ளை வாசிப்பது கீபோர்டு ஸ்பீக்கரில் ஒலிக்கட்டும். விளையாட்டின் செட்டிங்கில் அதே சத்தம் இன்னொரு முறை வராமல் அணைத்துவிடுங்கள். ஒரு கட்டைக்கு இரண்டு சத்தம் கேட்டால் காரணம் இதுதான்.

இனி வரிசையை எழுதுவோம். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் புதிய பியானோ பக்கம், 4/4, டெம்போ 60. ராகம் மாயாமாளவகௌளை, ஒரு கட்டை சுருதி. அதாவது ச கீபோர்டின் நடு ஸி. ஒவ்வொரு கட்டைக்கும் உள்ள மிடி எண்ணில் சொன்னால் ச 60, ரி 61, க 64, ம 65, ப 67, த 68, நி 71, மேல் ச 72. ரியும் த-வும் மட்டும் கருப்புக் கட்டை. பிள்ளைகள் தவறுவதும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்: கை வெள்ளைக் கட்டையிலேயே ஓடும். விரல் வரிசை (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) வலது கைக்கு 1-2-3, கட்டைவிரலை அடியில் நுழைத்து ம-வில் மறுபடி 1, பிறகு 2-3-4-5. இறங்கும்போது 5-4-3-2-1, அடுத்து க-வுக்கு நடுவிரல் மேலாகத் தாண்டி 3-2-1. அந்தத் தாண்டல் நடக்கிறதா என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மீதி தானாக வரும்.

முதல் வரிசைக்கு ஏறி இறங்க 16 ஸ்வரம்: ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், நாலு பார். முதல் காலத்தில் 16 நொடி, இரண்டாம் காலத்தில் 8, மூன்றாம் காலத்தில் 4. கீழ்வரிசையில், இடது கைக்குரிய இடத்தில், 1, 5, 7-ஆம் எண்ணிக்கைகளில் மந்திர ச, அதாவது கீழ் ஸ்தாயி ச (48) போடுங்கள். ஆதி தாளத்தின் அங்கங்களான லகுவும் இரண்டு திருதமும் தொடங்கும் இடங்கள் அவை. மிடியாக ஏற்றுமதி செய்து விளையாட்டில் திறந்து, இடது கையைக் கம்ப்யூட்டரிடமும் வலது கையைப் பிள்ளையிடமும் கொடுங்கள். தாளம் போட ஆள் கிடைத்த மாதிரி.

சரியான கட்டையை அழுத்தும்வரை காத்திருக்கும் வசதி இரண்டிலும் உண்டு. முதல் இரண்டு நாளுக்கு அது நல்லது, அதற்கு மேல் கெடுதல். அதில் தாளமே கிடையாது. ஒன்றும் புரியாத பிள்ளை எல்லாக் கட்டையையும் துழாவி, எது சரியோ அது தட்டுப்பட்டதும் நகர்ந்துவிடும். கட்டைகள் பழகியதும் காத்திருப்பை நிறுத்தி, வேகத்தை 50 சதவீதமாக்கி, பத்துப் பத்தாக ஏற்றுங்கள். வாயால் 'ச ரி க ம' பாடிக்கொண்டே வாசிக்கட்டும். பாடாமல் வாசிக்கும் பிள்ளை பட்டையைத்தான் துரத்துகிறது. பிழையில்லாமல் மூன்று முறை வந்ததும் திரையை அணைத்துவிட்டு ஒரு முறை. அங்கே தடுமாறினால் அந்த மூன்று முறையையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லாம் சரியாக வாசித்தும் ஒவ்வொரு ஸ்வரமும் தவறு என்று வருகிறதா? கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸைப் பாருங்கள். பாட்டு வகுப்புக்காக ஐந்து கட்டை சுருதிக்கு, அதாவது ஜி-க்கு, ஏற்றி வைத்திருப்பார்கள். பல கீபோர்டுகளில் அது வெளியே போகும் எண்ணையும் மாற்றிவிடும்: ச 60-ஆகப் போகாமல் 67-ஆகப் போகும். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-மின் பிராக்டிக்கல் கிரேடு எழுதப்போகும் பிள்ளைக்குப் பட்டை வேண்டாம், பியானோ பூஸ்டரே சரி. முதல் கிரேடிலேயே முன்பு பார்க்காத நொட்டேஷனைப் பார்த்து வாசிக்கச் சொல்வார்கள். பட்டையில் பழகிய கண்ணுக்கு ஐந்து கோடு ஒன்றும் சொல்லாது.

ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் புதுச் சிக்கல் ஒன்று வரும். 'ச ச ரி ரி' என்று எழுதினால் இரண்டு ச-வும் ஒட்டி ஒரே நீளப் பட்டையாகத் தெரியலாம், பிள்ளை ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாதி நீளத்துக்கு எழுதி, மீதிப் பாதியை ஓய்வாக விடுங்கள், பட்டைகள் பிரிந்துவிடும். இரண்டாவது ச-வில் விழ வேண்டிய அழுத்தத்துக்கு மட்டும் விளையாட்டு மார்க் போடாது. அதற்கு டீச்சரின் காதுதான் வேண்டும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இன்னும் தூரம்; பன்னிரண்டு நிலையான கட்டைகளுக்கு நடுவே அதை எழுதவே முடியாது. வரிசைகள் முடிந்து கீதம் தொடங்கும்போது கேபிளைக் கழற்றிவிடலாம்.